தெரேசம்மாவின் உப்பில்லாப் பிஸ்கட்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. பெரியம்மாவின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது பெரியம்மா இல்லை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் அவருக்குப் பக்கத்து அறைக் காம்பராவில் இருக்கும் இருளாயி.

"பாப்பா, ஒன் பெரியம்மா பங்களாக் குசினியில விழுந்து கெடந்திருக்கா. வாச்சர் இந்திரகுமார்தான் பாத்தான். டிஸ்பென்சரி ஐயா வந்து கையப் புடிச்சுப் பாத்தாரு. போயிட்டா பாப்பா. ஒடனே கெளம்பி வா."

நான் மாவனல்லையில் ஒரு வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். கேகாலை போய், அங்கிருந்து புளத்கொகுபிட்டிய பஸ் பிடித்து, பிறகு ஓட்டோவில் தோட்டத்துக்கு ஏறுவதற்குள் பத்து மணியாகிவிடும். நான் சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோதே செய்தி பிரட்டுக்களத்துக்குப் போயிருக்கிறது. காலையில் பேர் கொடுக்கக் கூடியிருந்த கூட்டத்தில் யாரோ கேட்டானாம்: "அப்ப நாய்களுக்கு இன்னைக்கு யாரு ஆக்குறது?" சிரித்தார்களாம். இருளாயி இதை என்னிடம் மறைக்கவில்லை. அவள் எதையும் மறைப்பதில்லை.

அந்தத் தோட்டத்துக்குத் தெரேசம்மா என்றால் அவ்வளவுதான். நாய்க்குச் சமைக்கிறவள். ஐம்பத்தெட்டு வருடம் ஒரே டிவிசனில் இருந்த ஒரு மனுசிக்கு இவர்கள் கொடுத்த மொத்த விலாசம் அது.

அதற்கு முந்திய வாழ்க்கையையும் சொல்ல வேண்டும். பதினேழு வயதில் இறப்பர் மரத்தில் பால் வெட்டப் போனார். புகைக்கூடத்தில் வேலை செய்த ஞானப்பிரகாசத்தைக் கட்டிக்கொண்டார். பிள்ளை இல்லை. புகை பெரியப்பாவின் நெஞ்சைத் தின்று தீர்த்தபோது பெரியம்மாவுக்கு முப்பத்தாறு வயது. அந்த வருடமே என் அம்மா என்னை அவரிடம் விட்டுவிட்டு வீட்டுவேலைக்குக் குவைத் போனார். எனக்கு அப்போது ஏழு வயது. கல்லூரி முடிக்கும்வரை நான் தின்றது பெரியம்மாவின் கைச்சோறு.

அந்தக் கைக்கு ஒரு காலத்தில் மதிப்பும் இருந்தது. எங்கள் தோட்டத்து அந்தோனியார் கோயில் திருவிழாவில் அசனம் உண்டு. எல்லா லயத்து ஆட்களும், இந்துக்களும் சேர்த்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பொதுச் சாப்பாடு. சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி. இதில் ஒரு பழக்கம் இருக்கிறது. ஃபாதர் வந்து செபம் சொல்லி மந்திரிக்கும்வரை அந்தக் கறியை ஒருவரும் வாயில் வைக்கக் கூடாது. அகப்பையை மோந்து பார்ப்பதுகூடத் தப்பு. ஆகவே உப்பை ருசி பார்க்காமலே போட வேண்டும். இதற்கென்று ஒரே ஆள் இருப்பார். உப்பும் அவர் வீட்டிலிருந்துதான் வரவேண்டும். கல்லுப்பு வாங்கி, முறத்தில் பரப்பி, மண்ணும் கல்லும் பொறுக்கி, துணியில் முடிந்து கொண்டுபோவார். கறி கொதிக்கும் பெரிய கிடாரத்தின் முன்னால் நின்று கையால் அள்ளிப் போடுவார். பிறகு ஐந்நூறு பேர் சாப்பிடுவார்கள்.

பத்தொன்பது வருடம் அந்தக் கை பெரியம்மாவுடையது. ஒரு வருடமும் கூடியதில்லை, குறைந்ததில்லை. அவருக்கு வேறு பெருமை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது. மாதாவின் படத்துக்குக் கீழே அந்த உப்புத்துணியைத் துவைத்து மடித்து வைத்திருப்பார்.

இனி நாய்கள்.

பெரியம்மா துரையின், அதாவது தோட்ட மேனேஜரின், பங்களாவில் குசினி வேலைக்குப் போய்ப் பன்னிரண்டு வருடம். முதலில் மனிதருக்குத்தான் சமைத்தார். நான்கு வருடத்துக்கு முன் புதிய துரை வந்தார். துரை எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவருடைய மனைவிதான் வந்தார் என்று சொல்ல வேண்டும். லயத்தில் துரைசாணி என்பார்கள், பங்களாவுக்குள் மேடம் என்று கூப்பிட வேண்டும். மேடத்துடன் இரண்டு நாய்கள் வந்தன. பொன்னிறத்தில் சடை வைத்த புரூனோ ஒன்று, மூக்கு உள்ளே போன கோக்கோ மற்றது. குளிர்நாட்டு உரோமத்தைக் கொண்டுவந்து எங்கள் மழையில் விட்டால் சொறி வராமல் என்ன செய்யும்? வந்தது. கொழும்பு மிருக வைத்தியர் கடை உணவை நிறுத்தி வீட்டில் சமைத்துக் கொடுக்கச் சொன்னார். மேடம் இணையத்திலிருந்து இங்கிலீஷில் ஒரு கட்டு அச்செடுத்து, "தெரேசா, இதைப் பார்த்துச் செய்" என்று சிங்களத்தில் சொல்லிக் கையில் கொடுத்தார்.

பெரியம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. அந்தக் கட்டு என்னிடம் வந்தது. ஒரு ஞாயிறு முழுக்க நான் வாசித்துச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெங்காயம் கூடாது, பெரியம்மா. பூண்டு கூடாது. திராட்சை வத்தல் கூடாது. சொக்லேட் கூடவே கூடாது. உப்புப் போடவே வேணாம்."

"வெங்காயம் இல்லாம என்னத்தத் தாளிக்கிறது?"

"தாளிக்கக் கூடாது."

"தாளிக்காத சோத்த நாய்கூடத் திங்காதே."

"நாய்க்குத்தான் பெரியம்மா."

அவர் யோசித்தார். "சரி, படி" என்றார்.

படித்ததை அவர் மறக்கவில்லை. ஒரு தடவை கேட்டால் போதும், அளவு விரலில் நிற்கும். கோழியும் பூசணிக்காயும் கரட்டும் போட்டுக் குழைய வேகவைத்த சோறு. குரக்கன் என்ற கேழ்வரகு மாவில் அவித்த ஈரலை அரைத்துப் பிசைந்த பிஸ்கட். மெல்லியதாகச் சீவிக் காயவைத்த வற்றாளங்கிழங்கு. நெத்தலியை மூன்று தண்ணீரில் ஊறவைத்து உப்பெடுத்து வறுத்தது. கழுவி வறுத்து மாவாக இடித்த முட்டை ஓடு. மாட்டு நுரையீரலைக் கீறி ஓவன் அடுப்பில் நான்கு மணி நேரம் உலர்த்தியது. மூன்று மாதத்தில் புரூனோவின் சொறி ஆறிவிட்டது. கொழும்பிலிருந்து வந்த மேடத்தின் கூட்டாளிகள் தங்கள் நாய்களுக்கும் கேட்டார்கள். அதோடு மேடம் வியாபாரி ஆனார்.

பிஸ்கட் போட்டு விற்கப் பக்கற் அச்சடித்தார்கள். பக்கற்றில் ஒரு படம். நகப்பூச்சுப் பூசிய இரண்டு கைகள் மாவு பிசைகின்றன. அவை மேடத்தின் கைகள். அந்தப் படம் எடுத்த அன்றைக்கு மட்டும், நான்கு நிமிடம், அவை மாவைத் தொட்டன. பெரியம்மா ஈரத்துணியோடு பக்கத்தில் நின்றார். கீழே இங்கிலீஷில், "அம்மாவின் கையால், அன்போடு." அம்மா என்றால் மேடம்தான். நாய்களின் அம்மா. அதற்கும் கீழே சிறிய எழுத்தில், மனிதர் உண்ணத்தக்க தரமான பொருட்களால் மட்டுமே செய்தது என்று இருந்தது. அதைப் பெரியம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"எந்த மனுசரு?" என்று கேட்டார்.

கேட்கத்தான் வேண்டும். மாவனல்லை ஹுஸைன் கடையிலிருந்து பங்களாவுக்குப் போனது நெஞ்சுத்துண்டும் புது ஈரலும். அதே கடையிலிருந்து லயத்துக்கு வந்தது கோழிக்கழுத்தும் காலும்.

ஒரு கொழும்புக்காரி தன் நாய்க்குப் பிறந்தநாள் கேக் கேட்டிருந்தாள். கரட், கோழி இறைச்சி, மேலே அவித்த உருளைக்கிழங்கைக் கிரீம் மாதிரி பூசி, நாயின் பெயரும் எழுத வேண்டும்.

"நாய்க்கு எத்தன வயசாம்?" என்று பெரியம்மா என்னிடம் கேட்டார்.

"மூணாம்."

"மூணு வயசு நாய் கேக் வேணும்னு கேட்டிச்சாமா?"

ஆனாலும் எழுதினார். நான் காகிதத்தில் எழுதிக்கொடுத்த இங்கிலீஷ் எழுத்துகளைப் பார்த்து, பூ வரைவது போல வரைந்தார். கொழும்பில் அந்தக் கேக்கைச் சுற்றி நின்று கைதட்டிய படத்தை மேடம் காட்டினாராம். பன்னிரண்டு பெரிய மனிதர்கள், காகிதத் தொப்பியோடு.

ஈரல் வாடை மேடத்துக்கு ஆகாது. தன் பெயரில் விற்கும் பொருளின் வாடை தன் மூக்குக்கு ஏறக் கூடாது என்பதற்காக, அவர் எழும்புமுன் எல்லாம் சுட்டு முடித்து ஜன்னலைத் திறந்து வைத்துவிட வேண்டும் என்று உத்தரவு. அதனால்தான் பெரியம்மா நாலரைக்கே குசினிக்குப் போவார். அதனால்தான் விழுந்தபோது பக்கத்தில் ஒருவரும் இல்லை.

கோயில் கமிட்டிக்கு வருகிறேன். தலைவர் லோரன்ஸ் ஐயா, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. வேலைக்காட்டில் ஆட்களை விரட்டிய குரலில்தான் செபமாலையும் சொல்வார். நாய்ச்சமையல் தொடங்கிய முதல் வருடத்துத் திருவிழாக் கூட்டத்தில் பேச்சை எடுத்தது அவர் மனைவி மல்லிகா.

"மாட்டு நொறையீரல் நறுக்குற கை. நாய்ச்சட்டி கழுவுற கை. நம்ம ஆளுக பொறுத்துக்குவாங்க, கோயிலுக்குச் சாப்பிட வார மத்தச் சனம் என்ன சொல்லும்? எனக்கே தொண்டையில எறங்காது."

மற்றச் சனம் என்றால் இந்துக்கள். அந்தச் சனத்தில் ஒருத்தியான இருளாயி வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்களுக்கு எறங்கும் தாயி, நீ ஒந் தொண்டையப் பாத்துக்க" என்றாளாம். அது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

லோரன்ஸ் ஐயா தீர்ப்புச் சொன்னார்: "தெரேசம்மா நல்ல மனுசிதான். ஆனா நாயிக்கு உப்பில்லாம ஆக்கி ஆக்கி அந்தக் கை உப்ப மறந்திருக்கும். அந்தோனியாருக்கு அந்தக் கை வேணாம்."

அந்த வருடமும் அதற்கடுத்த இரண்டு வருடமும் மல்லிகாதான் உப்புப் போட்டார். முதல் வருடம் கறி சப்பென்று இருந்தது, ஆட்கள் வீட்டிலிருந்து ஊறுகாய் கொண்டுவந்தார்கள். இரண்டாம் வருடம் பிள்ளைகள் தண்ணீருக்கு அழுதார்கள். லோரன்ஸ் ஐயா முதல் வருடம், உப்புக் குறைந்தால் உடம்புக்கு நல்லது என்றார். இரண்டாம் வருடம், வெயிலுக்கு உப்பு வேண்டும் என்றார். பெரியம்மா மூன்று வருடமும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

இதே லோரன்ஸ் ஐயாவுக்குச் சீனி வியாதியும் பிரஷரும் உண்டு. கால்விரல் ஒன்றை வெட்டியாகிவிட்டது. அப்படியிருந்தும் தினம் பிளேன்டீயோடு பணிஸ், அந்த இனிப்புப் பன், வேண்டும். கிளினிக்கில் எதைச் சொன்னாலும் கேட்க மாட்டார்.

எலும்பு வடிவத்தில் பிஸ்கட் வெட்டும்போது ஓரத்தில் மாவு மிஞ்சும். அந்த ஓரத்துண்டுகளையும் பெரியம்மா சுட்டு எடுப்பார். அவற்றை மேடம் பக்கற்றில் போட விடுவதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் பெரியம்மா ஒரு பை ஓரத்துண்டை மல்லிகாவிடம் கொடுத்தார், அவர்கள் வீட்டு நாய்க்கு. தன்னைக் கோயில் கிடாரத்திலிருந்து விரட்டியவளின் நாய் மெலிந்துபோயிருந்தது இவருக்குப் பொறுக்கவில்லை. மல்லிகா அந்தப் பையைக் குசினித் தட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் லோரன்ஸ் ஐயா பிளேன்டீயில் தோய்த்துப் பாதிப் பையை முடித்திருந்தார்.

"இது எங்க வாங்கின? சீனியில்ல, உப்பில்ல, ஆனா ஏதோ சத்து இருக்கு" என்றாராம்.

மல்லிகாவுக்கு வந்த பதில் ஒன்றுதான். "கிளினிக்ல குடுத்தாங்க."

மறுநாள் மல்லிகா பின்பக்கப் பாதையால் பெரியம்மா வீட்டுக்கு வந்தார். முன்பக்கத்தால் வர முடியாதே. "அக்கா, இன்னுங் கொஞ்சம் இருக்குங்களா? மனுசன் அதத் தின்னுட்டு ரெண்டு நாளா பணிஸ் கேக்கல."

அன்றுமுதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கிரீம் கிறாக்கர் டின் பின்பக்கப் பாதையால் வந்து நிறைந்து திரும்பியது. ஆறு மாதத்தில் லோரன்ஸ் ஐயாவின் சீனி இறங்கியது. பிஸ்கட்டில் மருந்து ஒன்றும் இல்லை, பணிஸ் நின்றதுதான் காரணம். அவர் கோயிலில் எழும்பிச் சாட்சியே சொன்னார். அந்தோனியார் கிருபையாலும் கிளினிக் பிஸ்கட்டாலும் தான் நடமாடுவதாகச் சொன்னார். மல்லிகா அப்போது முக்காட்டை இழுத்துவிட்டுக் கொண்டார்.

அடுத்த தவக்காலம் வந்தபோது பெரியம்மா எனக்கு ஃபோன் எடுத்தார்.

"ஈரல் இல்லாமப் பிஸ்கட் சுட அந்தக் கட்டுல ஏதாச்சும் இருக்கா பாரு."

"நாய்க்கும் தவக்காலமா பெரியம்மா?"

"நாய்க்கில்ல. கணக்கப்புள்ள ஐயாவுக்கு. தெரியாம வெள்ளிக்கிழமையில எறச்சி தின்னா பாவம் யாருக்கு? எனக்குத்தானே."

அந்த நாற்பது நாளும் பூசணிக்காயும் குரக்கனும் மட்டும் போட்டு அவருக்கென்று தனித்தட்டில் சுட்டார். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. இப்போதும் எனக்கு அது பக்தியாகப் படவில்லை. ஒரு முட்டாளுடைய நோன்பை இன்னொருவர் சுமப்பதாகத்தான் படுகிறது. ஆனால் பெரியம்மா அப்படித்தான்.

என்னையும் விட்டுவைக்கக் கூடாது. என் பள்ளிக்கூடத்து டீச்சர்மாரிடம் என் பெரியம்மா ஹோட்டலில் சமைக்கிறார் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். பிரட்டுக்களத்தில் சிரித்தவர்களுக்கும் எனக்கும் அதில் பெரிய தூரம் இல்லை.

இறப்பதற்கு முந்திய ஞாயிறு, திருவிழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது, பெரியம்மா முதல்தடவையாகக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போய் எழும்பி நின்று கேட்டிருக்கிறார். அன்று மாலை என்னிடம் ஃபோனில் சொன்னார்.

"கேட்டேன்."

"என்னன்னு?"

"இந்த வருசம் உப்ப எனக்குக் குடுங்கன்னு. வேறொண்ணும் வேணாம்ன்னு."

"கணக்கப்புள்ள ஐயா என்ன சொன்னாரு?"

"பங்களாக் குசினிய விட்டுட்டு வா, ஃபாதர்கிட்ட மந்திரிச்சுக்க, அப்புறம் உப்ப எடுங்கிறாரு."

"பெரியம்மா, அந்த மனுசன் ரெண்டு வருசமா என்னத்தத் தின்னுட்டு இதப் பேசுறாருன்னு அங்கேயே சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்தை. முழுக் கமிட்டியும் வாயப் பொத்தியிருக்கும்."

"சொன்னா?"

"சொன்னா உப்பு ஒங்க கைக்கு வந்திரும்."

"வந்திரும். மனுசன் பிஸ்கட்டத் துப்பிட்டுப் பழையபடி பணிஸ் திங்கப் போவாரு. இருக்கிற வெரலாவது இருக்கட்டும். நீ வாயத் தொறக்காத, சரோன்."

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"யோசிக்கணும்" என்றார். அதுதான் அவர் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. திங்கட்கிழமை எனக்குப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி. நான் அவருக்கு ஃபோன் எடுத்துப் பேசவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது பெரியம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். வாச்சர் இந்திரகுமார் வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். "புரூனோ குசினிக் கதவண்ட படுத்து அழுதிச்சுங்க. மனுசர விட மிருகத்துக்குத்தான் பாசம்."

"அது சாப்பாட்டு நேரம்டா" என்றாள் இருளாயி. "நீ ஓவன் அடுப்ப அணைச்சு, கருகின பிஸ்கட்டத் தட்டோட வெளிய வச்சியே, அத முழுக்கத் தின்னுட்டுப் போய்ப் படுத்திருச்சில்ல. பாசமாம்."

பன்னிரண்டு மணிக்கு மேடம் ஜீப்பில் வந்தார். வெள்ளைச் சாரி, கறுப்புக் கண்ணாடி, மலர்வளையம். காம்பராவுக்குள் வரவில்லை. வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் பேசினார்.

"அனே, தெரேசா எங்கள் குடும்பத்தில் ஒருத்தி மாதிரி. புரூனோ இன்னும் அதிர்ச்சியில் இருக்கிறான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நேற்றுத்தான் வந்து, செவ்வாய்க்கிழமை கடைசியாகச் சுட்டுத் தந்துவிட்டு வேலையிலிருந்து நின்றுவிடுகிறேன் என்று சொன்னாள். நான் எவ்வளவு கேட்டும் காரணம் சொல்லவில்லை. கோயில் வேலை என்றாள். கொழும்புக் கண்காட்சிக்கு நாற்பது பக்கற் ஒத்துக்கொண்டிருக்கிறேன். அந்த அளவுகள் உனக்குத் தெரியுமா?"

அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. யோசித்து முடித்திருக்கிறார். பன்னிரண்டு வருட வேலையை, ஒரு கிடாரத்தின் முன்னால் ஐந்து நிமிடம் நிற்பதற்காக, திங்கட்கிழமை காலையிலேயே விட்டிருக்கிறார். என்னிடம் சொன்னால் நான் ஏசுவேன் என்று அவருக்குத் தெரியும்.

"அளவு எதுவும் எழுதி வைக்கவில்லை" என்றேன். அது உண்மை. எனக்கு மனப்பாடம் என்பதைச் சொல்லவில்லை.

பின்னேரம் லோரன்ஸ் ஐயா கமிட்டியோடு வந்தார். நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். இருளாயி எல்லோருக்கும் பிளேன்டீ கொண்டுவந்தாள். அவர் கையை உயர்த்தினார்.

"எனக்கு வேணாம். கடையில ஒரு போத்தல் தண்ணி வாங்கியாரச் சொல்லு."

"கேத்தல் என் வீட்டுதுங்க ஐயா. செத்தவ வீட்டுது இல்ல" என்றாள் இருளாயி.

"இருக்கட்டும். வந்த எடத்துல எதுக்கு." தண்ணீர்ப் போத்தல் வந்தது. அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்தார். "நேரத்துக்குச் சாப்பிடணும்னு கிளினிக்ல சொல்லியிருக்கு." பிரித்தார். மூன்று ஓரத்துண்டுகள். ஒன்றில் எலும்பு வடிவத்தின் வளைவு அப்படியே தெரிந்தது. பெரியம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, நொறுக்கென்று கடித்து, மூன்றையும் தின்றார். மடியில் விழுந்த தூளைத் தட்டிவிட்டார். தூள் பெரியம்மாவின் பாயில் விழுந்தது.

மல்லிகா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருளாயி என்னைப் பார்த்தாள், அவளுக்கும் தெரியும். எனக்கு வாய்வரை வந்தது.

"நல்லாச் சாப்பிடுங்க ஐயா" என்றேன்.

"டீச்சர் ஒண்ணு எடுக்கிறீங்களா? சத்து."

"வேணாங்க. நான் சின்னதுல நெறையச் சாப்பிட்டிருக்கேன், இதே கையால" என்று சொல்லியிருக்கலாம். "வேணாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். பெரியம்மா சொன்னதற்காக நிறுத்தினேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அது மட்டும் இல்லை. ஒருவரிடம் உண்மையைச் சொல்வதற்குக்கூட அவர்மேல் நமக்குக் கொஞ்சம் மரியாதை இருக்க வேண்டும்.

இருட்டுமுன் மல்லிகா பின்பக்கமாக வந்து என் கையைச் சுரண்டினார்.

"பாப்பா, கோவிச்சுக்காத. அக்கா இந்த வாரத்துக்கு ஏதாச்சும் சுட்டு வச்சாங்களா?"

"இன்னைக்குக் காலையிலதான் சுட்டாங்க. கருகிப்போச்சு."

"ஐயோ." அவர் உண்மையாகவே கலங்கினார். இறந்தவருக்காக அதுவரை அவர் கண் கலங்கி நான் பார்க்கவில்லை. "இனி என்ன செய்யிறது பாப்பா. மனுசன் கேப்பாரே."

"கிளினிக்ல கேளுங்க" என்றேன்.

புதன்கிழமை அடக்கம். கல்லறையில் லோரன்ஸ் ஐயா ஐந்து நிமிடம் பேசினார். தெரேசம்மாவின் கைப்பக்குவம் பற்றி, தியாகம் பற்றி. "இந்த வருசம் உப்புப் போட அவங்களுக்கு நாங்க அனுமதி குடுத்திருந்தோம். ஆண்டவர் வேற விதமா நெனச்சிட்டாரு." பழியை அங்கே தள்ளிவிட்டுப் போய்விட்டார். சனங்கள் ஆமென் என்றார்கள். முன்வரிசையில் நின்று சத்தமாகச் சொன்னவர்களில் பாதிப்பேர் பிரட்டுக்களத்தில் சிரித்தவர்கள் என்று இருளாயி எனக்கு விரல்விட்டு எண்ணிக் காட்டினாள்.

சனிக்கிழமை திருவிழா நடந்தது. அசனமும் நடந்தது. உப்பு றினாஸ் கடையில் வாங்கிய தூளுப்புப் பக்கற். மல்லிகாதான் போட்டார். நான் போகவில்லை. இருளாயி ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து தந்தாள். கடல் தண்ணீரைக் காய்ச்சி ஊற்றினாற்போல இருந்தது. லோரன்ஸ் ஐயா அன்று பந்தியில் உட்காரவில்லையாம். பிஸ்கட் தீர்ந்துபோய்விட்டதாம். கோயில் வாசல் கடையில் பணிஸ் வாங்கித் தின்றுகொண்டிருந்ததை இருளாயி பார்த்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் காம்பராவைக் கூட்டிப் பெருக்கினேன். மாதாவின் படத்துக்குக் கீழே உப்புத்துணி இல்லை. கட்டிலுக்கு அடியில் முறம் இருந்தது, அதன்மேல் அந்தத் துணி விரித்து மூடியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். கல்லுப்பு. முறத்தின் வலப்பக்கம் வெள்ளையாக, ஒரு மண் இல்லாமல் பொறுக்கியிருந்தது. இடப்பக்கம் இன்னும் பொறுக்கவில்லை.